திமிங்கில எலும்பு எங்க போச்சு? (முசியம் நெகாரா போலாமா, வேணாமா)

ஜூன் 2, ராத்திரி 10.50

செராஸ்ல இருந்து ஒரு அக்கா கேட்டது, அப்படியே போடுறேன்: “லீவுக்கு பிள்ளைங்கள முசியம் நெகாராவுக்கு (கே.எல்., அதாவது கோலாலம்பூர்ல இருக்கிற தேசிய மியூசியம்) கூட்டிட்டுப் போலாமா? எங்க வீட்டுக்காரர் வேணாங்கறார். அங்க என்ன இருக்கு, துருப்பிடிச்ச கிரிஸ் கத்தியும் பழைய சட்டியும்தான், நான் சின்னதுல பார்த்த திமிங்கில எலும்பக்கூட காணோம்ங்கறார். உண்மையா?”

அக்கா, உங்க வீட்டுக்காரர் சொல்ற எலும்ப நானும் பார்த்திருக்கேன். 1986, ரெண்டாம் ஆண்டு படிக்கிறேன், செந்தூல்ல இருந்து ஸ்கூல் பஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. கூரையில இருந்து கம்பி போட்டு தொங்க விட்டிருந்தாங்க, அதுக்குக் கீழ நின்னு வாயப் பொளந்து பார்த்தோம், எனக்குப் பின்னாடி நின்ன பையன் “இது விழுந்தா நாமல்லாம் செத்தோம்டா”ன்னான், அதுல இருந்து நான் பார்த்ததெல்லாம் அந்தக் கம்பியத்தான்.

இப்ப அது அங்க இல்ல. அது மட்டும் நிச்சயம். மத்தபடி போகலாமான்னா, தாராளமா போங்க. விவரமா நாளைக்கு எழுதுறேன், தூக்கம் வருது.

ஜூன் 3, காலை 7.15

நேத்து எழுதினத படிச்சுட்டு எங்க அண்ணன் ஆறு மணிக்கே போன். “டேய், கூரையில தொங்குச்சுன்னு யாருடா சொன்னா உனக்கு?”

அண்ணன் என்னை விட மூணு வயசு மூத்தவன், எல்லாத்தையும் அவன்தான் முதல்ல பார்த்தான்னு நெனப்பு. ஆனா இந்த விஷயத்துல அவன் கையில சரக்கு இருக்கு. அந்தத் திமிங்கிலம் 1892-ல மலாக்காவுக்குத் தெக்க கரை ஒதுங்கினது. நீளம் 42 அடி. எலும்பெல்லாம் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் மியூசியத்துக்குப் போயி, 1907-ல இருந்து அங்கதான் தொங்கவிட்டிருந்தாங்க. 1974-ல சிங்கப்பூர்க்காரங்க அத முசியம் நெகாராவுக்குக் கொடுத்துட்டாங்க. இப்ப இருக்கறது லபுவான்ல, கடல் மியூசியத்துல.

அண்ணன் வாதம் என்னன்னா, கூரையில தொங்குற மாதிரி பழைய கறுப்பு வெள்ளை படம் சிங்கப்பூர்ல எடுத்தது, அத எங்கேயோ பத்திரிகையில பார்த்துட்டு நான் நேர்ல பார்த்ததா நெனச்சுக்கிட்டேனாம். அப்ப அந்தப் பையன் சொன்னது? அந்தக் கம்பி? எனக்கு எட்டு வயசு. சரி, விடுங்க.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மலாக்காவுல செத்து, சிங்கப்பூருக்குப் போயி, கே.எல். வந்து, கடைசியில லபுவான். செத்தப்புறம் இவ்வளவு ஊர் சுத்தினது அது ஒண்ணாத்தான் இருக்கும்.

ஜூன் 3, மதியம் 1.30

சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன். ஒருத்தர் கேட்டிருக்கார், “ரயிலை முட்டின யானை மண்டையோடுதானே அங்க இருந்துச்சு, அதத்தான் திமிங்கிலம்னு சொல்றீங்களா?”

இல்லண்ணே, அது வேற கதை. பழைய சுற்றுலா கைடு புத்தகத்தையெல்லாம் புரட்டினா, முசியம் நெகாரான்னு வர்ற இடத்துல இந்த மண்டையோட்டத்தான் அதிசயமா போட்டிருப்பாங்க. தெலுக் அன்சன் ரயில் பாதை, அதாவது இன்னிக்கு தெலுக் இந்தான். 1894 செப்டம்பர் 17. தன்னோட கூட்டத்தக் காப்பாத்த ஒரு ஆண் யானை ஓடுற ரயிலுக்கு நேரா வந்து முட்டி, ரயில தண்டவாளத்த விட்டு இறக்கிடுச்சு. யானையும் செத்துப் போச்சு. புதைச்ச இடத்துல போர்டு வச்சிருக்காங்க, தன் கூட்டத்தைக் காக்க ரயிலை மோதிக் கவிழ்த்த காட்டு யானை இங்கே புதைக்கப்பட்டதுன்னு.

எங்க அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில ஃபிட்டரா இருந்தவரு. அவர் சொல்ற கதையில யானை மூணு ரயில முட்டும். ஒவ்வொரு வருஷமும் ஒரு பெட்டி கூடும். “அந்தத் தண்டவாளத்துக்கு மண்ணு வெட்டினது யாரு, நம்மாளுங்கதான். நம்மாளு போட்ட ரோட்டுல நம்ம விநாயகரே வந்து நின்னுட்டாரு”ன்னு முடிப்பாரு. எனக்கு அப்ப ரயில் பக்கம் சேர்றதா யானை பக்கம் சேர்றதான்னு குழப்பமா இருக்கும்.

ஜூன் 7, ராத்திரி 9.00

போயிட்டு வந்துட்டேன். நானும் மகளும் மட்டும். அம்மா முட்டி வலின்னு வரல, மனைவிக்கு வேலை.

எப்படிப் போறதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. காடி (கார்) எடுக்காதீங்க. எம்.ஆர்.டி. ரயில்ல முசியம் நெகாராங்கற பேர்லயே ஸ்டேஷன் இருக்கு, 2017-ல தெறந்தது. கே.எல். சென்ட்ரல்ல இறங்கினாலும் உள்ளேயே நடைபாதை வழியா வந்துடலாம். பிரிக்ஃபீல்ட்ஸ்ல பசியாறிட்டு நடந்தோம், தோசை ரெண்டு, மகளுக்கு மைலோ ஐஸ். காலை எட்டரைக்கு ஐஸ் எதுக்குன்னு யாரும் கேக்காதீங்க, கேட்டுப் பார்த்துட்டேன்.

கட்டடம் தெறந்தது 1963 ஆகஸ்ட் 31. முன்னாடி சுவர்ல ரெண்டு பக்கமும் பெரிய படம் இருக்குல்ல, அது பெயிண்ட்டுன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிருந்தேன். கிட்டப் போயி நின்னாத்தான் தெரியுது, எல்லாம் சின்னச் சின்ன கண்ணாடித் துண்டு. இத்தாலிக் கண்ணாடியாம். வடிவமைச்சவர் சியோங் லாய்தோங். ஒவ்வொண்ணும் 35 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். காலை வெயில் சாஞ்சு விழுறப்ப ஒரு பக்கம் மினுங்குது, ரெண்டு அடி தள்ளி நின்னா வேற பக்கம் மினுங்குது. மகள் அந்த மினுங்கலோடயே இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிட்டிருந்தா, உள்ள போக அரை மணி ஆச்சு. கலைன்னு கேட்டீங்கன்னா எனக்கு அந்தச் சுவர்தான், உள்ள இருக்கிற எதையும் விட.

உள்ள நாலு கூடம். ஆதிகாலம், மலாய் அரசுகள், காலனி காலம், இன்னிக்கு மலேசியா. முதல் கூடத்துல பேராக் மனிதன். லெங்கோங் பக்கம் குனுங் ருந்து குகையில 1991-ல தோண்டி எடுத்தது, பத்தாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. கால மடக்கி சுருட்டி வச்சுப் புதைச்சிருக்காங்க. பிறவியிலேயே அவருக்கு இடது கை சூம்பிப் போனது. மகள் கேட்டா, “கை சரியில்லாம அவர் எப்படி வேட்டையாடினாரு?” வேட்டையாடி இருக்க மாட்டாரு, மத்தவங்கதான் சோறு போட்டிருப்பாங்க, அப்படியிருந்தும் நடுவயசு வரைக்கும் இருந்திருக்காரு, செத்தப்ப பக்கத்துல கறியும் சிப்பியும் கல்லுக் கருவியும் வச்சு அனுப்பியிருக்காங்க. நான் இத சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ அடுத்த கண்ணாடிக்குப் போயிட்டா. நான்தான் அங்கேயே நின்னேன்.

அப்புறம் பீடோர்ல கிடைச்ச வெண்கலச் சிலை. 1936-ல ஈயச் சுரங்கம் தோண்டுறப்ப மண்ணுக்குள்ள இருந்து வந்தது, எட்டு கை, அவலோகிதேஸ்வரர். பௌத்தச் சிலை. மகள் பார்த்தவுடனே செருப்பக் கழட்டிட்டு கும்பிட்டுட்டா. பக்கத்துல ஒரு ஜப்பான்காரக் கூட்டம், கைடோட நின்னுட்டிருந்தாங்க, அவங்களும் லேசா தலைய சாய்ச்சாங்க. காவலாளி ஒண்ணும் சொல்லல, செருப்ப மட்டும் காட்டினாரு, போட்டுக்கன்னு.

ஜூன் 7, ராத்திரி 9.40

மேல எழுத மறந்தது. அந்த இடத்துல முன்னாடி சிலாங்கூர் மியூசியம் இருந்துச்சு. 1945 மார்ச் 10, அமெரிக்காக்காரனோட பி-29 விமானம் வந்து குண்டு போட்டதுல போச்சு. அவங்க குறி ரயில்வே யார்டு. ஜப்பான்காரன் கையில இருந்த ரயில ஒடைக்க வந்தவன் போட்ட குண்டு மியூசியத்து மேல விழுந்துச்சு.

இது எங்க வீட்டுக் கதையும்தான். தாத்தா அப்ப ரயில்வேயில கூலி. சைரன் கேட்டா லோங்காவுக்குள்ள குதிச்சுப் படுத்துக்குவாராம் (லோங்கான்னா சாக்கடை, தமிழ்நாட்டு நண்பர்களுக்காக). அவரோட தம்பிய அதுக்கு முன்னாடியே ஜப்பான்காரங்க சயாம்-பர்மா ரயில் பாதை போட பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. திரும்பல. தாத்தா வீட்டுல அந்தத் தம்பி பேர யாரும் சொல்ல மாட்டாங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல ஒரு வெறும் சட்டம் மட்டும் மாட்டியிருக்கும். போட்டோ எடுத்ததே கிடையாது அவர.

ஜூன் 8, மாலை 6.10

எதிர்பார்த்தேன். வந்துட்டாரு. நம்மாளுங்க மியூசியத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சா இருபதாவது ஆளுக்குள்ள ராஜேந்திர சோழன் கப்பல்ல வந்து இறங்கிடுவாரு. “கடாரத்தைப் பத்தி ஏன் எழுதல? மறைக்கிறீங்களா?”

அண்ணே, நான் எதையும் மறைக்கல, ஒரு ஒம்பது வயசுப் பிள்ளைய வச்சுக்கிட்டு நாலு கூடம் சுத்தினேன், அவ்வளவுதான். 1025-ல படையெடுப்பு, மெய்க்கீர்த்தியில கடாரம், அதாவது இன்னிக்குக் கெடா, வருது, யாரும் இல்லைங்கல. ஆனா அதுக்கு நீங்க கெடாவுக்கு, மெர்போக்குக்குப் போங்க. பூஜாங் பள்ளத்தாக்கு. சண்டி புக்கிட் பத்து பஹாட் கோயில் அடித்தளத்த 1960 வாக்குல திருப்பி அடுக்கி வச்சிருக்காங்க, பின்னாடி ஆத்துத் தண்ணி சத்தம் கேட்டுட்டே இருக்கும், ஆளே இருக்க மாட்டாங்க.

அதுல இன்னொண்ணு. சோழன் வர்றதுக்கு ஐநூறு வருஷம் முன்னாடியே புத்தகுப்தன்னு ஒரு மாலுமி, மகாநாவிகன், கல்லுல எழுதி வச்சிட்டுப் போயிருக்கான், பயணம் நல்லபடியா முடியணும்னு. 1834-ல ஜேம்ஸ் லோங்கற வெள்ளைக்காரர் செபராங் பிறைப் பக்கம் அத எடுத்தாரு. கல்லு இப்ப கல்கத்தா மியூசியத்துல. அவன் படையோட வரல, சரக்கோட வந்தான். எனக்கென்னவோ அவனத்தான் பிடிச்சிருக்கு. நம்ம குடும்பம் மாதிரி ஆளு.

ஜூன் 8, ராத்திரி 11.00

மேல கொஞ்சம் கோவமா எழுதிட்டேன். கடாரம் அண்ணன் தனியா மெசேஜ் அனுப்பினாரு, மெர்போக் போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன்னு. சரிண்ணே.

ஜூன் 10, ராத்திரி 8.30

இப்ப ஒரு சண்டை. முசியம் நெகாரா இல்ல, கே.எல்.-லயே வேற ஒரு சின்ன கண்காட்சிக் கூடம், பேர் வேணாம். நேத்து மகளோட போனேன், லீவு இன்னும் முடியல பாருங்க. அங்க தோட்டத்து வாழ்க்கைன்னு ஒரு மூலை. நிஜ கித்தா (ரப்பர்) மரத்துத் தண்டு ஒண்ணு நிறுத்தி வச்சு, அதுல பால் வெட்டின மாதிரி கோடு, கீழ மங்கு (பால் பிடிக்கிற கிண்ணம்), பக்கத்துல தோள்ல தூக்குற காண்டாக் கம்பும் ரெண்டு வாளியும். மகள் காண்டான்னு நான் சொன்னதும் “நாசி கண்டார்!”ன்னு கத்திட்டா. சரியாத்தான் சொன்னா, அதே கம்புதான், பினாங்குல நம்ம தமிழ் முஸ்லிம் ஆளுங்க ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியுமா தோள்ல தூக்கி வித்ததுதான் நாசி கண்டார். ஒரே கம்பு, ஒரு ஊர்ல பால் தூக்கிச்சு, ஒரு ஊர்ல குழம்பு தூக்கிச்சு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட போட்டோவக் காட்டினேன். அம்மா கிள்ளான் பக்கம் தோட்டத்துல பொறந்தவங்க, பத்து வயசுல மங்கு தொடைக்கப் போனவங்க, கல்யாணம் ஆகி செந்தூல் வர்ற வரைக்கும் பால் வெட்டு. கண்ணாடிய மாட்டிட்டு ஒரு நிமிஷம் பார்த்தாங்க. “எவன்டா இத வெட்டினது? கங்காணி பார்த்தா அன்னிக்கு சம்பளம் கிடையாது.”

என்னம்மா தப்புன்னேன். வெட்டு இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ இறங்கணுமாம். போட்டோவுல தலைகீழா, வலது மேல, இடது கீழ. ஏன் அப்படின்னு கேட்டா “அப்படித்தான்”ங்கறாங்க. நான் தேடிப் பார்த்தேன், காரணம் இருக்கு. பட்டைக்குள்ள பால் ஓடுற குழாய் நேர் செங்குத்தா போறதில்ல, மேல போகப் போக கொஞ்சம் வலது பக்கமா சாயும். அதனால இடது மேல இருந்து வலது கீழ வெட்டினா நெறைய குழாய் அறுபடும், பால் கூட வரும். மாத்தி வெட்டினா கம்மி.

எவ்வளவு காசு செலவு பண்ணி வச்சிருப்பாங்க, பால் வெட்டின ஒரு கெழவியக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்ல? இந்த ஊர்ல அப்படிப்பட்டவங்களுக்கா பஞ்சம்? ரொம்பக் கடுப்பா இருக்கு. நாளைக்கே எழுதிப் போடப் போறேன் அவங்களுக்கு.

ஜூன் 11, காலை 6.40

யாரும் எதையும் பகிராதீங்க. ப்ளீஸ். விளக்கம் கீழ.

ஜூன் 11, காலை 7.05

ராத்திரி ரெண்டு மணிக்கு ஈப்போவுல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கான், “அண்ணே, நீங்க போட்ட போட்டோவுல உங்க மகள் டி-ஷர்ட்டுல இருக்கிற எழுத்து ஏன் திருப்பி இருக்கு?”

செல்ஃபி. நானும் மகளும் மரமும் ஒண்ணா வரணும்னு முன் கேமராவுல எடுத்தேன். என் போன் கண்ணாடி மாதிரி இடம் வலமா மாத்தித்தான் சேமிக்கும். ஆக மரத்துல வெட்டு சரியாத்தான் இருக்கு. தப்பு என் போன்ல. இல்ல, என் மேல.

அந்தக் கூடத்துக்காரங்களுக்கு மனசார மன்னிப்பு. நல்லவேளை கடுதாசி போடல. அண்ணனுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.

ஜூன் 11, காலை 7.10

அண்ணனுக்குத் தெரிஞ்சிடுச்சு.

ஜூன் 13, மாலை 5.20

மங்குங்கறது மலாய் மங்குக்-ல இருந்து வந்ததா, தமிழ்ச் சொல்லான்னு மூணு நாளா ரெண்டு கட்சி. ஊர்ல பீங்கான் பாத்திரத்துக்கு மங்குன்னு சொல்வாங்கன்னு ஒரு கட்சி, அதுவும் உண்மைதான், எங்க மாமியார் இன்னும் பீங்கான் தட்ட மங்குத் தட்டுன்னுதான் சொல்றாங்க. கித்தா மட்டும் கெத்தாவுல இருந்து வந்ததுன்னு எல்லாரும் ஒத்துக்கறாங்க. கிராணி, தண்டல், பெரட்டுன்னு தோட்டத்துச் சொல்லுப் பட்டியல் போயிட்டே இருக்கு. அம்மாகிட்ட கேட்டேன். “மங்குன்னா மங்குதான். மழை பேஞ்சா தண்ணி ரொம்பிடும். அதக் கேளு முதல்ல”ன்னாங்க.

மழை பேஞ்ச அன்னிக்கு என்ன ஆகும்னு நான் கேட்டதே இல்ல. விடியறதுக்கு முன்னாடி, குளிர்ல, மரத்துல பால் வேகமா இருக்கும், அதனாலதான் நாலரைக்கே எழுந்து தலையில லைட்டக் கட்டிக்கிட்டுப் போறது. வெயில் ஏற ஏற ஓட்டம் குறைஞ்சிடும். இது தெரியும். ஆனா மழைன்னா பட்டை நனைஞ்சு பால் மங்குக்குப் போகாம மரம் பூரா வழிஞ்சு வீணாப் போயிடும், வேலை நிறுத்திடுவாங்க, அன்னிக்குக் கூலி கிடையாது. வீட்டுல இருட்டுல படுத்துக்கிட்டு தகரத்து மேல மழைச் சத்தம் நிக்குதா நிக்குதான்னு கேட்டுட்டே இருப்பாங்களாம். எனக்கு மழைச் சத்தம்னா நல்லா தூக்கம் வரும். அம்மா இன்னிக்கும் மழை பேஞ்சா எழுந்து உக்காந்துருவாங்க. ஏன்னு இப்பத்தான் தெரியுது.

ஜூன் 15, ராத்திரி 10.00

பினாங்குக்காரங்க கோவிச்சுக்கிட்டாங்க, எப்பப் பார்த்தாலும் கே.எல்.லேயே இருக்கீங்கன்னு. என் மனைவி பினாங்குதான், வீட்டுக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு.

ஃபார்குவார் ஸ்ட்ரீட்டு மாநில மியூசியம் கட்டடம் பழைய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். அதுலயும் ஒரு பாதி யுத்தத்துல குண்டு விழுந்து போச்சு, மிச்ச பாதியிலதான் 1965-ல மியூசியம் தெறந்தது. நம்ம ஊர் மியூசியத்துக்கெல்லாம் குண்டோட என்ன ராசியோ. அவங்ககிட்ட ராபர்ட் ஸ்மித்ங்கற ராணுவ கேப்டன் 1810-கள்ல வரைஞ்ச எண்ணெய் ஓவியங்க இருக்கு. கல்யாணமான புதுசுல மனைவி கூட்டிட்டுப் போயிக் காட்டினா. மலை, கடல், பச்சை, அங்கங்க ஒரு பங்களா. மனுஷங்க எறும்பு மாதிரி. நான் அந்த எறும்புல நம்மாளு இருக்கானான்னு மூக்க ஒட்டிக்கிட்டுத் தேடினேன், மனைவிக்கு ஒரே வெக்கம்.

பினாங்குல வெள்ளைக்காரக் குடியேற்றத்த ஆரம்பிச்ச பிரான்சிஸ் லைட், அவர் சிலை தெரியும்ல? 1936-ல செஞ்சது. லைட்டோட படம் எதுவும் கிடைக்காததால மகன் வில்லியம் முகத்தப் பார்த்துச் செஞ்சாங்க. ஆக அப்பா பேர்ல மகன் நிக்கறான். எங்க தாத்தா வீட்டு வெறும் சட்டத்துக்கு இது தேவலை.

ஜூன் 16

மிருகம் எங்கன்னு செராஸ் அக்கா மறுபடி கேட்டிருக்காங்க, பையனுக்குப் புலி பார்க்கணுமாம். பஞ்சு அடைச்ச மிருகம் நெறைய பார்க்கணும்னா தைப்பிங், பேராக் மியூசியம். 1883-ல ஆரம்பிச்சது, நாட்டுலயே பழசு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, அந்தக் காலத்துல தோல் பூச்சி அரிக்காம இருக்க ஆர்செனிக் கலந்த சோப்பு தடவுவாங்க, கண்ணாடிக்கு வெளிய ஏதாவது பழசு நின்னா பிள்ளைங்கள தடவ விடாதீங்க. புலி நம்ம காட்டுல உயிரோட 150-க்கும் கம்மி. சுமத்ரா காண்டாமிருகம் நம்ம நாட்டுல சுத்தமா முடிஞ்சது, கடைசிப் பெண்ணு இமான் 2019 நவம்பர்ல சபாவுல செத்துப் போச்சு. எங்க அப்பா காலத்துப் பிள்ளைங்களுக்கு மியூசியம்னா காட்டுல இருக்கறத கிட்ட பார்க்கற இடம். என் மகளுக்கு அப்படி இல்ல.

ஜூன் 21, மாலை 7.45

அம்மாவக் கூட்டிட்டுப் போனேன், அந்தச் சின்னக் கூடத்துக்கு. “போட்டோவெல்லாம் வேணாம், நான் நேர்ல பார்க்கறேன்”னு அவங்களே சொன்னாங்க. முட்டிக்கு எண்ணெய் தேச்சு, பட்டுப் புடவை. எதுக்கும்மா பட்டுன்னா, கட்டடத்துக்குள்ள போறமேன்னாங்க.

ராஜா, கிரிஸ், தட்டு எதையும் பார்க்கல. நேரா மரத்துக்குப் போனாங்க. கயிறு கட்டி வச்சிருந்தாங்க, கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு, வலது கைய லேசா மடக்கி, கத்தி பிடிக்கிற மாதிரி விரல வச்சாங்க. எழுபத்து ரெண்டு வயசு, தட்டு கழுவறப்பக்கூட நடுங்குற கை. மேல இடது பக்கம் ஆரம்பிச்சு ஒரே இழுப்பு, கையோட சேர்ந்து காலும் மரத்தச் சுத்தி ஒரு எட்டு, ரெண்டு எட்டு நகருது, நாங்க பார்க்கறோம், கை நடுங்கவே இல்ல. வெறும் காத்துலதான் வெட்டினாங்க. முடிச்சதும் கட்டை விரலால கோட்டு மேல இருந்து எதையோ சுருட்டி எடுத்து, இடுப்புல போடுற மாதிரி போட்டாங்க. அது என்னம்மான்னேன். “நேத்து வெட்டுல காஞ்ச பால். அத உரிச்சாத்தானே புதுசு வழியும். அதுவும் எடைக்குப் போகும்.” முதல்ல அத உரிக்கணும், அப்புறம்தான் வெட்டணும், வரிசை மாத்திச் செஞ்சுட்டேன்னு அவங்களே சிரிச்சுட்டு, முதல்ல இருந்து மறுபடி செஞ்சாங்க.

காவலுக்கு நின்ன மலாய்க்காரப் பையன் கிட்ட வந்தான். திட்டப் போறான்னு நெனச்சேன். “மக்சிக் (அத்தை), ஒரு நாளைக்கு எத்தனை மரம்?”னு மலாய்ல கேட்டான். அவன் பாட்டியும் சின்னதா சொந்தத் தோட்டம் வச்சு கெத்தா வெட்டினவங்களாம், ஜொகூர்ல. அம்மா, “நானூறு, ஐநூறு. நல்ல நாள்ல”ன்னாங்க. அப்புறம் ரெண்டு பேரும் என்னை விட்டுட்டு மலாய்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க, பன்னி வந்து மங்கு கவுக்கறது, அட்டை, பாம்பு. அவன் பாட்டி அட்டைக்கு புகையிலைத் தண்ணி தடவுவாங்களாம், அம்மா சவுக்காரம். பத்து நிமிஷம் போச்சு.

வெட்டு எப்படின்னு கடைசியில கேட்டேன். திசை சரிதான்னுட்டாங்க. ஆனா ஆழம் பத்தலையாம், மரம் நோகக் கூடாதுன்னு பயந்து பயந்து வெட்டியிருக்கானாம். “ஒரு காயம்கூட இல்ல பாரு. புது ஆளு வெட்டின மரத்துல காயம் இல்லாம இருக்குமா? இது ஆபீஸ்காரன் வெட்டினது.” மங்கும் ரொம்ப சுத்தமாம். அவங்க பத்து வயசுல தொடைச்சதுல ஒண்ணுகூட இவ்வளவு பளபளப்பா இருந்ததில்லையாம்.

இத அந்தக் கூடத்துக்காரங்களுக்கு எழுதிப் போடலாமான்னு அண்ணன் கேட்டான். நான் இனிமே யாருக்கும் கடுதாசி போடறதா இல்ல.

ஜூன் 24, ராத்திரி 9.15

செராஸ் அக்கா போயிட்டு வந்துட்டாங்க. வீட்டுக்காரரும் போனாராம். மொசைக் சுவர் முன்னாடி அவர் எடுத்த படம் மட்டும் முப்பத்தாறு. திமிங்கிலத்தப் பத்தி வாயத் தெறக்கலையாம்.

அந்த விஷயத்துக்கும் முடிவு வந்தாச்சு, ஒரு மாதிரி. அண்ணன் பழைய பிஸ்கட் டின்னு ஒண்ண நோண்டி 1986 ஸ்கூல் போட்டோவக் கண்டுபிடிச்சுட்டான். வெளிப் படிக்கட்டுல நாங்க நாப்பது பேர் உக்காந்திருக்கோம், பின்னாடி சுவர்ல மொசைக், டீச்சர் கருப்புக் கண்ணாடி. மூணாவது வரிசையில நான். கண்ண மூடியிருக்கேன். எனக்குப் பின்னாடி அந்தப் பையன், வாயத் தெறந்து ஏதோ சொல்லிட்டிருக்கான்.

திமிங்கிலம் இல்ல. என் கழுத்துல தொங்குற தண்ணி போத்தல் மட்டும் நல்லா தெரியுது.